பழைய மசில் காருக்கு வெளி மார்க்கெட் (கார் கம்பெனி அல்லாத மற்றவர்கள் செய்யும்) டிஸ்ட்ரிபியூட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1964இல் பான்டியாக் ஜி.டி.ஓ.வில் 389 கன அங்குல எஞ்சினை வைத்து விற்றார்களே, அதில் தொடங்கி 1970களின் முற்பகுதி வரை டெட்ராய்ட் கம்பெனிகள் செய்த வி8 கார்களைத்தான் இங்கே மசில் கார் என்று சொல்கிறேன். நான் மிஷிகனில் இருக்கிறேன். வீட்டில் 350 எஞ்சின் போட்ட 1970 ஷெவ்ரோலே ஷெவெல் ஒன்று நிற்கிறது. பழைய கார் வாங்கிய நம் ஆட்கள் போன் செய்தால் பெயின்ட், டயர் எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் வந்து நிற்பது டிஸ்ட்ரிபியூட்டரில்தான். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவையும் நான் சொன்ன பதில்களும் கீழே.

டிஸ்ட்ரிபியூட்டர் என்னதான் செய்கிறது?

மூன்று வேலை. வோல்ட்டேஜை உயர்த்தும் காயிலுக்குப் போகும் மின்சாரத்தைச் சரியான நொடியில் துண்டித்துப் பொறியை உண்டாக்குகிறது. அந்தப் பொறியை எட்டு பிளக்குக்கும் முறை வைத்துப் பிரித்துக் கொடுக்கிறது. எஞ்சினின் வேகத்துக்கும் சுமைக்கும் தகுந்தபடி பொறி விழும் நேரத்தை முன்னே பின்னே நகர்த்துகிறது.

கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று. 6000 ஆர்.பி.எம்.மில் வி8 எஞ்சினுக்கு நொடிக்கு 400 பொறி வேண்டும். ஒரு பொறிக்கும் அடுத்த பொறிக்கும் நடுவே இருப்பது 2.5 மில்லிசெகண்ட்தான், காயில் நிரம்புவதும் காலியாவதும் அதற்குள் முடிய வேண்டும்.

விளம்பரங்கள் எல்லாம் முதல் வேலையைப் பற்றியே பேசும்: இத்தனை ஆயிரம் வோல்ட், இவ்வளவு பெரிய பொறி என்று. ரோட்டில் ஓடும் காருக்குப் பிக்கப், மைலேஜ், சூடு எல்லாவற்றையும் தீர்மானிப்பது மூன்றாவது வேலை. வாங்கும்போது உங்கள் கவனம் அங்கேதான் இருக்க வேண்டும். கீழே எதைச் சொன்னாலும் நான் சுற்றிச் சுற்றி இதற்கே வருவேன்.

என் காரில் இருக்கும் ஒரிஜினலை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பல சமயம் வேண்டியதில்லை. முதலில் பழையதைச் சோதித்துப் பாருங்கள். கேப்பையும் (மேல் மூடி) ரோட்டாரையும் (உள்ளே சுற்றிப் பொறியைப் பிரிப்பது) கழற்றிவிட்டு, ஷாஃப்டின் தலையை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கைக்கு ஆட்டம் நன்றாகத் தெரிந்தால் உள்ளே ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. அப்புறம் ஷாஃப்டைச் சுழலும் திசையில் கொஞ்சம் முறுக்கிவிட்டு விடுங்கள். வேகத்துக்குத் தகுந்தபடி டைமிங்கை (பொறி விழும் நேரத்தை) நகர்த்தும் எடைகள் விரிந்து, ஸ்பிரிங் இழுத்துத் தானாகப் பழைய இடத்துக்கு வர வேண்டும். நடுவில் சிக்கி நின்றால் துருவோ காய்ந்த கிரீஸோ பிடித்திருக்கிறது. எடைகளின் அடியில் செம்பழுப்பாகப் பொடி படிந்திருந்தால் அவற்றைத் தாங்கும் ஊசிகள் அரைபட்டுக் கொண்டிருக்கின்றன.

ஆட்டம் இல்லை, எடைகள் நன்றாக நகர்கின்றன என்றால், ஒரிஜினலையே வைத்துக்கொண்டு உள்ளே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாயின்ட்டை மட்டும் எடுத்துவிட்டு பெர்ட்ரானிக்ஸ் இக்னைட்டர் மாதிரி ஒரு எலெக்ட்ரானிக் கிட் போட்டுவிடலாம். கேப்பை மூடிவிட்டால் இரண்டு வயரைத் தவிர வெளியே எதுவும் தெரியாது. சன் கம்பெனியின் பழைய டிஸ்ட்ரிபியூட்டர் சோதனை மெஷினை இன்னும் வைத்திருக்கும் பட்டறைகள் இங்கே உண்டு. அதில் மாட்டிச் சுழற்றி, எந்த ஆர்.பி.எம்.மில் எத்தனை டிகிரி நகர்கிறது என்று பார்த்து ஸ்பிரிங்கை மாற்றித் தருவார்கள். மலிவான புது டிஸ்ட்ரிபியூட்டரைவிட இப்படிச் சீர்செய்த ஒரிஜினல் எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

இன்னொன்று. ஒரிஜினலின் மேல் பார்ட் நம்பரும் தேதிக் குறியும் அடித்திருக்கும். பாகங்களின் நம்பர் எல்லாம் ஒரிஜினலாகப் பொருந்திய காராக இருந்தால் அதற்கு விலை உண்டு. மாற்றினாலும் துணியில் சுற்றி அலமாரியில் வையுங்கள். தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள்.

பாயின்ட்டில் அப்படி என்ன குறை?

அம்பாசடர் காலத்து மெக்கானிக்குகள் சி.பி. பாயின்ட் என்று சொல்வார்களே, அதேதான். கேமின் மேடு ஒவ்வொரு முறை இடிக்கும்போதும் பாயின்ட் திறக்கும். கேமில் உரசும் சின்னக் கட்டை நாள்பட நாள்படத் தேயும். தேய்ந்தால் இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் டைமிங் பின்தங்கும். நீங்கள் எதையும் தொடாமலேயே கார் மந்தமாகிவிடும். அதிக ஆர்.பி.எம்.மில் பாயின்ட் முழுதாக மூடாமல் துள்ளுவதும் உண்டு.

இருந்தாலும் டெல்கோ-ரெமி செய்த ஜன்னல் வைத்த கேப்பை நான் ரசிக்கிறேன். ஷெவ்ரோலேயின் வி8களில் 1957இல் வந்தது. கேப்பின் பக்கவாட்டில் சின்னத் தகட்டு மூடி. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடியை மேலே தள்ளி, 1/8 அங்குல ஆலன் கீயை உள்ளே விட்டுத் திருகினால் டுவெல் (பாயின்ட் எத்தனை டிகிரி மூடியிருக்கிறது என்ற அளவு) மீட்டரின் முள் நகரும். 30 டிகிரியில் நிறுத்திவிட்டு மூடியை இறக்கிவிடலாம். ஃபீலர் கேஜோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. வருடத்துக்கு ஆயிரம் மைல் ஓட்டுபவருக்கு அது போதும்.

கடையில் என்னென்ன வகை கிடைக்கிறது?

மேலே சொன்ன கிட்டை விட்டுவிட்டால், முழு டிஸ்ட்ரிபியூட்டராக வருபவை நான்கு விதம். காயிலைக் கேப்புக்குள்ளேயே வைத்திருக்கும் ஹெச்.இ.ஐ. (ஹை எனர்ஜி இக்னிஷன்) முதலாவது. சின்னக் கேப்போடு, எலெக்ட்ரானிக் மாட்யூலை உள்ளேயே வைத்து, காயிலைத் தனியாக மாட்டும் "ரெடி டு ரன்" வகை இரண்டாவது. உள்ளே பிக்கப் என்ற சென்சார் மட்டும் இருந்து, வெளியே எம்.எஸ்.டி. கம்பெனியின் 6 மாதிரி எலெக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டி இருந்தால்தான் வேலை செய்யும் வகை மூன்றாவது. போனிலோ கம்ப்யூட்டரிலோ டைமிங் வரைபடத்தையே வரைந்துவிடக்கூடியது நான்காவது.

பலர் ஏமாறுவது மூன்றாவதில். எம்.எஸ்.டி.யின் புரோ-பில்லெட் ரகத்திலேயே ஷெவ்ரோலே வி8க்கு 8360, 8361 என்று இரண்டு உண்டு. பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 8360 பெட்டி இல்லாமலே ஓடும், 8361க்குப் பெட்டி வேண்டும். பழைய பொருள் விற்கும் சந்தையில் மலிவாகக் கிடைத்தது என்று 8361ஐ வாங்கிவந்து, பொறியே வரவில்லை என்று நள்ளிரவில் போன் செய்தவர்கள் இருக்கிறார்கள்.

ஹெச்.இ.ஐ. போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே?

ஜெனரல் மோட்டார்ஸ் 1974இல் சில கார்களில் தொடங்கி 1975இல் பரவலாகப் போட்ட அமைப்பு அது. நல்ல அமைப்புதான், அதில் சந்தேகமே இல்லை. ஒரே வயர் இழுத்தால் போதும், பொறி பலமாக இருக்கும், மாட்யூல் எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். ஆனால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

முதலில் இடம். கேப் பெரிது. ஷெவ்ரோலேயிலும் பான்டியாக்கிலும் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பின்பக்கம், ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே இருக்கும் தகட்டுச் சுவர்) ஒட்டி நிற்கிறது. டைமிங் வைக்கத் திருப்பும்போது பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் வேக்குவம் டப்பா எதிலாவது இடிக்கும். கார்வெட்டில் ரேடியோ இரைச்சலைத் தடுக்க இக்னிஷனைச் சுற்றித் தகட்டுக் கவசம் இருக்கும், ஏனென்றால் ஃபைபர்கிளாஸ் உடல் அதைத் தடுக்காது. அந்தக் கவசத்துக்குள் ஹெச்.இ.ஐ. கேப் நுழையாது.

அடுத்தது மின்சாரம். இதற்குத் தனிக் கேள்வியே கீழே வைத்திருக்கிறேன். மூன்றாவது, பிளக் வயர். பாயின்ட் கேப்பில் வயர் குழிக்குள் இறங்கும், ஹெச்.இ.ஐ. கேப்பில் பிளக்கின் தலை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பழைய வயர் செட் பொருந்தாது, புதிது வாங்கியாக வேண்டும்.

என் அனுபவம் ஒன்று. முதல் முறை இணையத்தில் பெயர் தெரியாத ஒரு ஹெச்.இ.ஐ. வாங்கினேன். சிவப்புக் கேப், பளபளவென்று அலுமினியம், விலை நல்ல பிராண்டில் பாதிகூட இல்லை. ஜூலை மாத வெயிலில் ஐ-75 நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது எஞ்சின் சட்டென்று அணைந்தது. ஓரமாக நிறுத்திக் காத்திருந்தேன். அரைமணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. பத்து மைல் போனதும் மறுபடி அணைந்தது. வீட்டுக்கு வந்து மாட்யூலைக் கழற்றினால், அடியில் சூட்டைக் கடத்தும் பசை ஒரு துளிகூட இல்லை. உலோகத்தின்மேல் வெறுமனே உட்கார வைத்துத் திருகியிருக்கிறார்கள். மாட்யூல் வெந்துபோயிருந்தது. அன்றிலிருந்து யாருடைய ஹெச்.இ.ஐ. புதிதாக வந்தாலும் எஞ்சினில் இறக்குமுன் மாட்யூலைத் தூக்கி, பசையை நானே தடவித்தான் மாட்டுகிறேன்.

வேக்குவம் அட்வான்ஸ் அவசியமா? ரேஸ் டிஸ்ட்ரிபியூட்டர்களில் அது இல்லையே?

எஞ்சின் உறிஞ்சும் வேக்குவத்தை வைத்து ஒரு டப்பா பொறியை முன்னே நகர்த்துவதுதான் வேக்குவம் அட்வான்ஸ். ரோட்டில் ஓட்டும் காருக்கு அவசியம். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மிதமான வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மட்டும் மிதித்துப் போகும்போது த்ராட்டில் (காற்று உள்ளே போகும் வழியின் கதவு) கிட்டத்தட்ட மூடியிருக்கும். சிலிண்டருக்குள் போகும் கலவை அடர்த்தி குறைவு. அடர்த்தி குறைந்த கலவை மெதுவாக எரியும். அதனால் பொறியை முன்கூட்டியே விட்டால்தான் பிஸ்டனைச் சரியான நேரத்தில் தள்ளும். எடைகளுக்கு ஆர்.பி.எம். மட்டும்தான் தெரியும், சுமை தெரியாது. சுமையை உணர்வது அந்த வேக்குவம் டப்பா ஒன்றுதான். நீங்கள் முழுக்க மிதித்தால் வேக்குவம் விழுந்து, அது சேர்த்த டிகிரி உடனே விலகிக்கொள்ளும். ஆகையால் "வேக்குவம் அட்வான்ஸ் இருந்தால் எஞ்சின் தட்டும்" என்ற பயத்துக்குப் பெரும்பாலும் இடமில்லை. டப்பா அளவுக்கு மேல் சேர்த்தால் மட்டுமே சிக்கல்.

நேர்கோட்டில் பாயும் டிராக் ரேஸ் கார் ஒன்று நிற்கும், இல்லையென்றால் முழு த்ராட்டிலில் பாயும். நடுவில் எதுவும் இல்லை. அதனால் அதற்கு வேக்குவம் தேவைப்படவில்லை. அதைப் பார்த்து நாமும் கழற்றிவிட்டால் தாமதமாக எரியும் கலவையின் சூடு தண்ணீருக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் போகிறது.

டெட்ராய்ட்டை ஒட்டி ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் வுட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் ஊர்வலம் மாதிரி நகரும். வுட்வர்ட் டிரீம் குரூஸ் என்று 1995இலிருந்து நடக்கிறது. ஆகஸ்ட் வெயில், நத்தை வேகம், மணிக்கணக்கில் ஐடிலிங். நண்பர் ஒருவர் தன் ஜி.டி.ஓ.வில் வேக்குவம் இல்லாத ரேஸ் டிஸ்ட்ரிபியூட்டரோடு வந்தார். அரைமணிக்கு ஒரு முறை ஓரங்கட்டி பானெட்டைத் திறந்து நின்றார். ரேடியேட்டர் மாற்றினார், ஃபேன் மாற்றினார், தெர்மோஸ்டாட் மாற்றினார். அடுத்த வருடம் வேக்குவம் டப்பா வைத்த டிஸ்ட்ரிபியூட்டரைப் போட்டுக்கொண்டு வந்தார். மீட்டரின் முள் நடுவிலேயே நின்றது.

வேக்குவம் குழாயை எங்கே மாட்டுவது?

இரண்டு இடம் உண்டு. த்ராட்டில் தகட்டுக்கு மேலே இருக்கும் துளையில் ஐடிலிங்கில் வேக்குவம் வராது, மிதித்த பிறகே வரும். இன்டேக் மேனிஃபோல்டில் எப்போதும் வரும். எமிஷன் கட்டுப்பாடு வந்த காலத்தில் கம்பெனிகள் முதல் முறைக்குப் பெருமளவில் போயின, ஐடிலிங்கில் பொறி தாமதமாக விழ வேண்டும் என்பதற்காக. என் காரில் மேனிஃபோல்டில்தான் மாட்டியிருக்கிறேன். சூடும் குறைவு, ஐடிலிங்கும் நிதானம்.

பெரிய கேம் போட்ட எஞ்சினுக்கு ஒரு எச்சரிக்கை. ஐடிலிங்கில் வேக்குவம் (பாதரச அளவில்) 10 அங்குலம்தான் இருக்கிறது, உங்கள் டப்பா முழுதாக இழுக்க 15 அங்குலம் கேட்கிறது என்றால், அது பாதியில் நின்று ஊசலாடும். ஐடிலிங்கும் கூடவே ஊசலாடும். ஐடிலிங் வேக்குவத்தைவிட இரண்டு அங்குலமாவது குறைவாக இருக்கும்போதே முழுதாக இழுத்துவிடும் டப்பாவைத் தேர்ந்தெடுங்கள். முனைக்குள் சின்ன ஆலன் கீ விட்டு மாற்றிக்கொள்ளும் டப்பாக்களும் உண்டு.

டைமிங் கர்வ் என்கிறார்களே, பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டினால் ஆகாதா?

ஆர்.பி.எம். ஏற ஏற டைமிங் எத்தனை டிகிரி முன்னே போகிறது என்பதுதான் கர்வ். அப்படியே மாட்டினால் ஓடும். நன்றாக ஓடாது. செய்பவர்களுக்கு அது யாருடைய எஞ்சினுக்குப் போகும் என்று தெரியாது. அதனால் எஞ்சின் தட்டிச் சேதமாகிவிடாதபடி கனமான ஸ்பிரிங் போட்டு, மெதுவாக ஏறும் கர்வோடு அனுப்புவார்கள். கூடவே ஒரு சின்னப் பையில் மெல்லிய ஸ்பிரிங்குகளும், எடைகள் எத்தனை டிகிரியில் நிற்க வேண்டும் என்று தடுக்கும் வேறு புஷ்களும் இருக்கும். பலர் அந்தப் பையைப் பெட்டியோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் கொடுத்த காசில் பாதி அந்தப் பைக்குள்தான் இருக்கிறது!

கணக்கு எளிது. ஐடிலிங்கில் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு வைப்பது தொடக்க டைமிங். எடைகள் விரிந்து சேர்ப்பது மெக்கானிக்கல். இரண்டையும் கூட்டினால் மொத்தம். பழைய ரக சிலிண்டர் ஹெட் வைத்த ஸ்மால் பிளாக் ஷெவ்ரோலேவுக்கு மொத்தம் 34 முதல் 36 டிகிரி, சுமார் 3000 ஆர்.பி.எம்.முக்குள் வந்துவிட வேண்டும். எம்.எஸ்.டி.யின் நீலப் புஷ் 21 டிகிரியில் நிறுத்தும். தொடக்கத்தை 14இல் வைத்தால் மொத்தம் 35. என் காரில் இதுதான். தொடக்கத்தைக் குறைவாக வைக்க வேண்டிய எஞ்சினுக்கு, அதிக டிகிரி விடும் புஷ்ஷைப் போட வேண்டும். வேக்குவம் இதற்கு மேல் தனியாக 10இலிருந்து 16 வரை சேர்க்கும். சமமான வேகத்தில் போகும்போது மொத்தம் ஐம்பதை ஒட்டி வந்தாலும் பயப்பட வேண்டாம்.

ஸ்பிரிங்கை ஒரு முறைக்கு ஒன்றாக மாற்றுங்கள். மாற்றிவிட்டு டாப் கியரில் ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். கண்ணாடிக் கோலியை டப்பாவில் போட்டுக் குலுக்குகிற மாதிரி சத்தம் கேட்டால் கர்வ் சீக்கிரம் ஏறுகிறது. ஒரு படி கனமான ஸ்பிரிங்குக்குத் திரும்புங்கள். 10க்கு மேல் கம்ப்ரஷன் வைத்துச் செய்த எஞ்சின்கள் இவற்றில் நிறைய. அன்றைக்கு ஊற்றிய ஈயம் கலந்த பெட்ரோல் இன்றைக்கு பங்க்கில் இல்லை. அந்தச் சத்தத்தை அலட்சியம் செய்தால் பிஸ்டன் உடையும்.

கியர் விஷயத்தில் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறார்கள்?

ஏனென்றால் தப்பான கியர் எஞ்சினையே காலி செய்யும். டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் இருக்கும் கியர் கேம் ஷாஃப்ட்டோடு கடித்து ஓடுகிறது. ஷெவ்ரோலே, ஃபோர்ட், பான்டியாக் எஞ்சின்களில் அதே ஷாஃப்ட்தான் ஆயில் பம்பையும் சுழற்றுகிறது. கியர் போனால் பொறியும் போச்சு, ஆயில் பிரஷரும் போச்சு.

கேம் எந்த உலோகமோ அதற்கு ஒத்துப்போகும் கியர் வேண்டும். அந்தக் காலத்து வார்ப்பிரும்புக் கேமுக்கு வார்ப்பிரும்புக் கியர். இப்போது பலர் எஃகு ரோலர் கேம் போடுகிறார்கள். ஃபோர்ட் 5.0 எஞ்சினில் 1985இலும், ஷெவ்ரோலே ஸ்மால் பிளாக்கில் 1987இலும் கம்பெனியே ரோலருக்கு மாறியது. அந்த எஞ்சின்களைத் தூக்கிப் பழைய உடலில் வைப்பவர்களும் நிறைய. எஃகுக் கேமோடு சாதா வார்ப்பிரும்புக் கியரைப் போட்டால் பற்கள் கத்தி முனை மாதிரி ஆகிவிடும், அரைபட்ட பொடி முழுக்க ஆயிலில் கலக்கும். அதற்கு மேற்பரப்பைக் கடினமாக்கிய, மெலனைஸ்டு என்று சொல்லப்படும் கியர் வேண்டும். வெண்கலக் கியர் எதையும் கெடுக்காது, ஆனால் தானே தேயும். அவ்வப்போது தூக்கிப் பார்த்து மாற்றுகிறவர்களுக்குத்தான் அது. பாலிமரில் செய்தவையும் உண்டு, விலை அதிகம்.

எந்தக் கேம் என்று தெரியவில்லையா? கேம் வந்த பெட்டியில் ஒரு அட்டை இருக்கும், அதில் எழுதியிருப்பார்கள். அட்டையும் இல்லை என்றால் கேமின் நம்பரைச் சொல்லிச் செய்த கம்பெனியிடமே கேளுங்கள். கெட்டியான ஆயில், அதிக அளவு தள்ளும் ஆயில் பம்ப் இரண்டும் கியரின் சுமையைக் கூட்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஃபோர்ட், மோபார் (கிரைஸ்லர் கம்பெனி கார்), பான்டியாக் வைத்திருக்கிறேன். ஷெவ்ரோலேக்குச் சொன்னதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

தத்துவம் பொருந்தும், உருப்படி பொருந்தாது. ஃபோர்ட் 302க்கும் 351 விண்ட்சருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் வேறு: ஆயில் பம்பை ஓட்டும் அறுகோணக் கம்பி முதலாவதில் 1/4 அங்குலம், இரண்டாவதில் 5/16. ஃபயரிங் ஆர்டரும் (சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை) வேறு. 289க்கும் பழைய 302க்கும் 1-5-4-2-6-3-7-8, 351க்கு 1-3-7-2-6-5-4-8.

கிரைஸ்லரின் பெரிய எஞ்சின்களில் 383, 400 இரண்டுக்கும் ஒரு நீளம், 440க்கு வேறு நீளம். ஏனென்றால் பிளாக்கின் உயரமே வேறு. மோபாரில் ஒரு நிம்மதி, கியர் டிஸ்ட்ரிபியூட்டரில் இல்லை, எஞ்சினுக்குள் தனி ஷாஃப்ட்டில் இருக்கிறது. 1973 வாக்கில் கிரைஸ்லர் எல்லாக் கார்களிலும் எலெக்ட்ரானிக் இக்னிஷன் கொடுத்துவிட்டது. அந்தக் கம்பெனி அமைப்பையே பழைய 340க்கோ 383க்கோ கொண்டுவருவது ரொம்ப நல்ல வழி.

பான்டியாக்கில் ஃபயரிங் ஆர்டர் ஷெவ்ரோலேவுடையதேதான், 1-8-4-3-6-5-7-2. ஆனால் ரோட்டார் எதிர்த் திசையில் சுற்றும். ஷெவ்ரோலேக்குக் கடிகாரத் திசை, பான்டியாக்குக்கு எதிர். வயரைப் பழக்க தோஷத்தில் ஷெவ்ரோலே மாதிரி மாட்டிவிட்டுக் கார்புரேட்டரைக் குறை சொல்பவர்கள் உண்டு.

வயரிங்கில் என்ன கவனிக்க வேண்டும்?

பாயின்ட் கருகாமல் இருக்க, ஓடும்போது காயிலுக்கு 12 வோல்ட் முழுதாகப் போகாதபடி கம்பெனியே வழியில் ஒரு தடை வைத்திருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் அது துணி உறை போட்ட வெள்ளை வயர், ஆரஞ்சும் ஊதாவும் கோடாக ஓடும். ஃபோர்டில் டாஷ்போர்டுக்கு அடியில் இளஞ்சிவப்பு வயர். மோபாரில் ஃபயர்வாலில் திருகிய வெள்ளைப் பீங்கான் கட்டி. ஹெச்.இ.ஐ.யை இந்த வயரிலேயே மாட்டினால் ஸ்டார்ட் ஆகும், ஐடிலும் ஆகும். ஆனால் மிதித்தால் இருமும். ஃப்யூஸ் பெட்டியில் இக்னிஷன் முனையிலிருந்து 12 கேஜ் வயர் புதிதாக இழுங்கள். சாவி போட்ட நிலையிலும் ஸ்டார்ட் நிலையிலும் இரண்டிலும் அதில் 12 வோல்ட் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஆர்.பி.எம். காட்டும் டேக்கோமீட்டரை மறந்துவிடாதீர்கள். 60களின் ஃபோர்ட் டேக்கோமீட்டர் காயிலுக்குப் போகும் மின்சாரம் தன் வழியாக ஓடுவதை வைத்துக் கணக்குப் போடுகிறது, எம்.எஸ்.டி. மாதிரி பெட்டி போட்டால் அது செத்துவிடும். 1974 வரை வந்த கார்வெட்டுகளில் டேக்கோமீட்டர் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து கேபிள் மூலம் சுற்றும். அந்தக் கேபிள் மாட்டும் முனை வைத்த டிஸ்ட்ரிபியூட்டரைத்தான் வாங்க வேண்டும்.

எம்.எஸ்.டி. பெட்டி தனியாக வேண்டுமா?

ரோட்டுக்கு மட்டும் என்றால் வேண்டாம். 3000 ஆர்.பி.எம். வரை ஒரே அடியில் பல பொறி விடும், பெரிய கேமின் முரட்டு ஐடிலிங்குக்கும் குளிர் ஸ்டார்ட்டுக்கும் உதவும். அந்தப் பிரச்சினை இல்லாதவர்கள் காசை நல்ல டிஸ்ட்ரிபியூட்டரில் போடலாம். அந்தப் பெட்டியோடு, பின்னோக்கித் திருப்பும் டயல் வைத்த டைமிங் லைட் தப்பாகக் காட்டலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய காயிலே போதுமா?

ஓம்ஸ் பார்த்துச் சொல்லுங்கள். பெர்ட்ரானிக்ஸ் முதல் தலைமுறை இக்னைட்டருக்கு வி8இல் 1.5 ஓம் காயில், இரண்டாம் தலைமுறைக்கு 0.6. முதல் தலைமுறைக்கு 0.6 ஓம் காயிலைப் போட்டால் மாட்யூல் வெந்துவிடும். எஞ்சின் ஓடாமல் பாட்டு கேட்க சாவியை ஆன் நிலையில் விட்டுவைப்பதும் முதல் தலைமுறைக்கு ஆகாது. பிளக் வயரில் உலோகக் கம்பி உள்ளே ஓடும் பழைய ரகம் வேண்டாம். அது கிளப்பும் இரைச்சல் எலெக்ட்ரானிக் மாட்யூலைக் குழப்பும். சுருள் கம்பி வைத்ததை வாங்குங்கள்.

நானே மாட்டலாமா?

தாராளமாக. முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையில் விரலை வைத்துக்கொண்டு எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளினால் கம்ப்ரஷன். டைமிங் குறி நேராக வரும்வரை சுற்றி நிறுத்துங்கள். பழையதைத் தூக்குமுன் ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஃபயர்வாலில் சாக்பீஸால் கோடு போட்டு, போனில் ஒரு படமும் எடுத்துவையுங்கள்.

கியரின் பற்கள் சாய்வாக இருப்பதால் இறங்கும்போது ரோட்டார் கொஞ்சம் திரும்பிக்கொண்டே இறங்கும். அதற்குத் தகுந்தபடி முன்கூட்டித் திருப்பி வைத்து இறக்க வேண்டும். கடைசிக் கால் அங்குலம் இறங்காமல் நின்றால், கீழே ஆயில் பம்ப் கம்பி நேராக நிற்கவில்லை என்று அர்த்தம். கிளாம்ப் போட்டு இறுக்கி இறக்காதீர்கள், பம்ப் உடையும். தூக்கிவிட்டு, நீள ஸ்க்ரூடிரைவரால் கம்பியைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி இறக்குங்கள், தானாக உட்காரும்.

ஐம்பது வருடத்துக்கு மேலான எஞ்சினில் முன்னால் இருக்கும் பேலன்ஸரின் வெளி வளையம் ரப்பரில் நழுவியிருக்கலாம். அப்படியென்றால் அதில் இருக்கும் டைமிங் குறியே பொய். பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப் திருகி, இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்து நடுவைக் குறித்து, குறியைச் சரிபார்த்த பிறகே டைமிங் லைட்டை நம்புங்கள்.

கலிபோர்னியாவில் சட்டச் சிக்கல் வருமா?

1975க்கும் அதற்கு முந்தைய மாடல்களுக்கும் அங்கே ஸ்மாக் சோதனை (வண்டிப் புகைச் சோதனை) கிடையாது. 1976 மாடலோ அதற்குப் பிந்தைய காரோ என்றால் அந்த மாநில அனுமதி எண் உள்ள பொருளாகப் பார்த்து வாங்குங்கள்.

மாட்டியாகிவிட்டது. டிக்கியில் என்ன வைத்துக்கொள்ள வேண்டும்?

ஹெச்.இ.ஐ. என்றால் நல்ல பிராண்டு மாட்யூல் ஒன்று, பசை ட்யூப், ஸ்க்ரூடிரைவர். இக்னைட்டர் கிட் என்றால் கழற்றிய பாயின்ட்டும் கண்டன்சரும், டுவெல் வைக்க ஆலன் கீயும். என் கிளவ் பாக்ஸில் 1970இன் பழைய பாயின்ட் செட் தீப்பெட்டிக்குள் இன்னும் இருக்கிறது.